ஐம்பத்தெட்டு கிலோ

மத்தியானம் மூன்று மணி பத்து நிமிஷம்.

சிரிக்காதீர்கள். பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இது பட்டப்பகலில் நடந்தது. ஊரைச் சுற்றிப் போகிற அந்த நீளச் சாலை. இரண்டு பக்கமும் கட்டி முடிக்காமல் விட்ட கட்டடங்கள். தார் உருகி டயரில் ஒட்டி, உரியும்போது பிசுக் பிசுக் என்று ஒரு சத்தம். ஈ காக்கா கிடையாது. அந்தச் சாலையில் ஒருத்தர் பைக்கில் போகிறார். பின்னால் கருவிப் பெட்டி. போகிறார் என்று பேர்தான்... சைக்கிள்காரன் கூட முந்திக்கொண்டு போய்விடுவான். அவ்வளவு மெதுவாக.

கிட்ட வந்து உட்காருங்கள். அண்ணி, அந்த டார்ச்சைக் கீழே வையுங்கள், கண்ணைக் குத்துகிறது. லிஃப்ட் சரியாக எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். படிக்கட்டு விளக்கும் எரியாத இந்த இருட்டில் எட்டு மாடி படி இறங்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. பேய்க் கதை சொல்லு என்று நச்சரித்தது நீங்கள்தான். நாளைக்குத் தூக்கம் வரவில்லை என்று என் வீட்டு மணியை அடிக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

பைக்கில் போனவர் யார் என்றால், என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். நண்பன் அவரை அத்தான் என்பான். மற்ற எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஆஸ்பத்திரி, ஆபீஸ், அடுக்குமாடி வீடு, எங்கே லிஃப்ட் நின்றாலும் முதலில் போன் அடிப்பது அவருக்குத்தான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. லிஃப்ட்டில் சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும். தானே ஏறி, மேலும் கீழும் மூன்று தடவை போய்க் கேட்காமல் புகார்ப் புத்தகத்தில் 'பழுது இல்லை' என்று எழுதவே மாட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதி வைத்தால், பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குவார். "தினம் அதுல போறவன் சொல்றான்யா சத்தம் மாறிடுச்சுன்னு. உனக்குக் கேக்கலைன்னா உன் காதுதான் கோளாறு. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் கதையில் வயிற்றெரிச்சலே இதுதான்.

அக்காவுக்குத் தையல் வேலை. பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். விரலில் ஊசி குத்தாமல் இருக்க ஒரு குட்டி இரும்புத் தொப்பி மாட்டுவார்களே, அது எந்நேரமும் அவர் நடுவிரலில் இருக்கும். வாய் ஓயாது. தைத்துக்கொண்டே பேசுவார், பேசிக்கொண்டே சிரிப்பார். லிஃப்ட்காரருக்கு மோட்டார் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு, கடைசியில் அந்த விரல் தொப்பியால் மெஷின் பலகையில் தட்டுவார். டிக்... டிக்... டிக். மூன்று தட்டு. உங்களைத்தான், திரும்புங்க என்று அர்த்தம். மனிதர் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவர்கள். பத்தொன்பது வருஷம்.

ஒரு நாள் மத்தியானம். இவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. டிக், டிக், டிக்.

"ஏங்க... முதுகுல ஏதோ கிழியுது."

"குனிஞ்சே உக்காந்திருந்தா பிடிக்காம என்ன பண்ணும்?"

"பிடிக்கலைங்க. கிழியுது. துணியை நீளவாக்குல ஒரே இழுப்பா கிழிப்பேனே... அப்படி."

முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இவர் தட்டில் கை கழுவி எழுந்துவிட்டார். குறை சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. அங்கே நான்கு லிஃப்ட்டையும் பார்த்துக்கொள்வது இவர்தான். வாட்ச்மேனிலிருந்து நர்ஸ் வரை எல்லோருக்கும் இவரைத் தெரியும். "என்ன சார், லிஃப்ட் நின்னுடுச்சா?" என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. தெரிந்த இடம்... நாலு பேர் மதிக்கிற இடம்... அங்கே போய்க் கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுவதா என்று ஒரு கூச்சம்.

நர்ஸ் எடை பார்த்துச் சீட்டில் எழுதினார். ஐம்பத்தெட்டு கிலோ. உட்காரச் சொன்னார்கள். இரும்பு நாற்காலி. டெட்டால் வாசனை. அக்கா கையை நீட்டினார். விரல் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே வந்திருந்தார்.

"இந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க. ஜில்லுனு இருக்கா? இப்ப இந்தக் கையைப் பிடிங்க."

பிடித்துப் பார்த்தார். வலது கை எப்போதும் போல் வெதுவெதுப்பு. இடது கை மட்டும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி. ஒரே உடம்பு, இரண்டு கை, இரண்டு சூடு. இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்தார்... அவ்வளவுதான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்காத களைப்பு. பார்வை முழுக்கக் கம்ப்யூட்டரில். வலது கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினார். "வாயு. கொஞ்சம் பதற்றம். வேற ஒண்ணுமில்ல."

"இல்லைங்க டாக்டர். கிழியுது. முதுகுல ஆரம்பிச்சுக் கீழே இறங்கிட்டே இருக்கு."

"கிழிஞ்சிருந்தா இப்படி உக்காந்து பேசிட்டு இருக்க மாட்டீங்கம்மா." டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "சார், வீட்டுல எப்பவுமே இப்படித்தான் பயப்படுவாங்களா?"

...

இந்த இடம் வந்தால் நான் நிறுத்திவிடுவேன். நண்பன் சொல்லும்போதும் இங்கே நிறுத்திவிட்டான்.

இடது கை ஜில்லென்று இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் நிற்கிறது. பின்னால் வரிசை நெளிகிறது. யாரோ இருமுகிறார்கள். தெரிந்த நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். லிஃப்ட்காரர்... சிரித்தார். ஆம்பிளைகள் ஒருத்தருக்கொருத்தர் சிரித்துக்கொள்வார்களே, அந்தச் சிரிப்பு.

"கொஞ்சம் அப்படித்தான் சார்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. அழவும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் தானாகப் பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

ஒரு பாட்டில் டானிக். சீட்டில் 'வாயு, பதற்றம்.' வண்டி கீழ்த்தளத்தில் நிற்கிறது. இரண்டாம் நம்பர் லிஃப்ட்டில் ஏறினார்கள். கதவு மூடும்போது மணி மூன்று ஐம்பது. அக்கா பின்சுவரில் சாய்ந்து நின்றார். டிக்... டிக்... டிக். இவர் சீட்டைப் படித்துக்கொண்டே, "இரு, வண்டிக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"நீங்களாவது கேட்டிருக்கலாம்."

சத்தமே இல்லாத குரல். மந்தக் காதுக்காரருக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அப்புறம் அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

இவர் லிஃப்ட்டை அப்படியே மேலே திருப்பினார். தூக்கிக்கொண்டு ஓடினார். அதே டாக்டர்தான் ஓடி வந்தார், நெஞ்சில் ஏறி அழுத்தினார். நாற்பது நிமிஷம். முடிந்துவிட்டது. சாயந்திரம் பெரிய டாக்டர் கூப்பிட்டு விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய், அதன் உள்சுவர் கிழிந்திருக்கிறது. நீளவாக்கில். இடது கைக்கு ரத்தம் போகாததால் அது ஜில்லிட்டிருக்கும் என்றும் சொன்னார்.

நீளவாக்கில்! அந்த வார்த்தையையே அல்லவா அக்கா சொன்னார். தினம் துணி கிழிக்கிறவருக்குத் தெரியாதா, எது கிழிகிறது எது பிடிக்கிறது என்று?

நண்பன் டாக்டரை அடிக்கக் கிளம்பினான். அத்தான்தான் தடுத்தார். "அவர் கேக்கலைடா. சரி. நான் கேட்டேனே. கையைப் பிடிச்சுப் பாத்தேனே. பாத்துட்டுச் சிரிச்சேனே."

இரண்டு மாதம் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து புகார் மேல் புகார். இரண்டாம் நம்பர் லிஃப்ட். தினம் ஒரே நேரம். மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டு 'பழுது இல்லை' என்று எழுதிவிட்டு வந்தார்கள். கடைசியில் மேலாளர் கெஞ்சினார். அப்படித்தான் அந்த மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு, அந்த உருகுகிற சாலையில், மனசே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "யாரும் பட்டன் அழுத்தறது இல்லை சார். கீழேயிருந்து தானா வருது. அவசரப் பிரிவுல நிக்குது, திறக்குது. அப்புறம் மூடவே மாட்டேங்குது. யாரோ வாசல்ல காலை வெச்சு நிக்கற மாதிரி. பத்து நிமிஷம் கழிச்சு அதுவா கீழே போயிடுது. ஜனங்க பயந்துட்டுப் படியில போறாங்க."

"எத்தனை மணிக்கு?"

"மூணு அம்பது."

லிஃப்ட்காரர் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

லிஃப்ட் தரைக்கு அடியில் எடை பார்க்கிற கருவி ஒன்று இருக்கும். ஆள் அதிகமானால் பீப் பீப் என்று கத்துகிறதே, அது. உள்ளே எத்தனை கிலோ என்பதை வெளியிலிருந்தே பார்க்க இவர் ஒரு கைப்பெட்டி வைத்திருந்தார். இணைத்தார். காலி லிஃப்ட். பூஜ்யம். கீழே அனுப்பினார். கதவுக்கு எதிரே நின்றுகொண்டார்.

மூன்று நாற்பத்தொன்பது... ஐம்பது.

கயிறு இழுபடுகிற முனகல். விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. ஆனால் வாசனை வந்தது. லிஃப்ட் கிரீஸ் வாசனை கனமாக இருக்கும், அது இவருக்கு மூச்சுக் காற்று மாதிரி. இது அதில்லை. லேசான எண்ணெய்... தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். கூடவே துணியில் கோடு போடுகிற சாக்கட்டித் தூள். கைப்பெட்டியைப் பார்த்தார்.

ஐம்பத்தெட்டு.

பழக்கதோஷம் பாருங்கள், அந்த நேரத்திலும் மனிதர் வேலையைத்தான் பார்க்கிறார். ஆள் நின்றால் கதவை மூட விடாத அந்தக் கதவுக் கண்ணைத் துடைத்தார். கைப்பெட்டியில் பூஜ்யத்துக்குத் திருப்பினார். ஒரு நொடி பூஜ்யம். அப்புறம்... ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் அந்தச் சீட்டு இரண்டு மாதமாக இருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளே பின்சுவரிலிருந்து, இரும்பின் மேல் இரும்பு.

டிக்...

டிக்...

டிக்.

கண்ணாடிக்காரரே, ஓடியிருப்பேன் என்கிறீர்கள். நானும்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதானே. சத்தம் வருகிறது என்றால் உள்ளே போய்க் கேட்க வேண்டும். ஏறினார். அவர் எடை எழுபத்தொன்று. கைப்பெட்டியில் நூற்று இருபத்தொன்பது.

"சொல்லு" என்றார். "இப்ப கேக்கறேன். சொல்லும்மா."

ஒன்றுமில்லை. கதவு மூடவும் இல்லை. எதிரே அவசரப் பிரிவு, இரும்பு நாற்காலிகள், டாக்டர் அறை. லிஃப்ட் தினம் எதைப் பார்த்துத் திறந்து நின்றதோ, அது. லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. வலது கையைப் பக்கத்தில், காற்றில், மெதுவாக நீட்டினார்.

ஜில்லென்று ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

நேரே நடந்தார். ஒரு கையைச் சற்றே விலக்கிப் பிடித்தபடி, நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவார்களே, அந்த நடை. டோக்கன் வாங்கினார். உட்கார்ந்தார், பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. முறை வந்தது. உள்ளே போய், நோயாளி உட்காருகிற முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார்.

டாக்டருக்கு அடையாளம் தெரிந்தது. முகம் சுண்டிப்போனது. "சார்... உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கில்லை டாக்டர். இவளுக்கு. முதுகுல கிழியுதாம். நீளவாக்குல. இடது கை ஜில்லுனு இருக்கு."

டாக்டர் காலி முக்காலியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "உங்க கஷ்டம் புரியுது சார். தூக்கம் இல்லைன்னா இப்படித்தான் தோணும். பதற்றம்தான். வேற ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய் ஓய்வு எடுங்க."

அதே குரல். அதே ஒண்ணுமில்ல.

"போன தடவை நான் சிரிச்சேன் டாக்டர். என் தப்பு. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன். இவளோட இடது கையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. தொட்டுட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க, போயிடறேன்."

தொலைந்தது, இந்த ஆளை அனுப்பினால் போதும் என்று டாக்டர் பெருமூச்சு விட்டபடி காற்றில் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மற்றக் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. அருகிலிருந்த நர்ஸ்தான் நண்பனிடம் பிற்பாடு சொன்னார், டாக்டர் கையில் ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நின்றதாம். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தப் புண்ணியத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை ஒரு பக்கம் தள்ளினார். குனிந்தார். காலி முக்காலியைப் பார்த்து, குழந்தை மாதிரி ஒரு குரலில்...

"சொல்லுங்கம்மா. எப்ப இருந்து வலிக்குது?"

அப்புறம் அவர் பேசவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நடு நடுவே தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது, துடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டாக்டருக்கு என்ன கேட்டது என்று இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே, லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம்.

லிஃப்ட்காரர் ஓடினார். கைப்பெட்டி கதவோரம் தரையில் கிடந்தது. பூஜ்யம். கதவைத் திறந்தார். வாசனை இல்லை. மறுபடி பார்த்தார், பூஜ்யம். வந்த வேலை முடிந்துவிட்டது, போய்விட்டாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அவரைத் தேடித்தான் வந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே... திட்டக்கூட இல்லையே..."

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன் என்று நிற்கிறார், சொல்ல ஆளில்லை. இதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்?

அரை மணி நேரம் கழித்து எழுந்தார். வேலை பாக்கி இருந்தது. மூன்று தடவை ஏறி இறங்காமல் புத்தகத்தில் எழுத மாட்டாரே. முதல் தடவை ஏறினார். எழுபத்தொன்று. இரண்டாம் தடவை. எழுபத்தொன்று. மூன்றாம் தடவை கதவு மூடியது... வலது உள்ளங்கை மெல்ல ஜில்லிட்டது.

கைப்பெட்டி இடது கையில்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் பார்க்கவில்லை. எழுபத்தொன்று என்று இருந்துவிட்டால்? அந்த பயத்தில் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் எந்த லிஃப்ட்டிலும் எடையைத் தான் பார்ப்பதில்லை, கூட இருக்கிறவரைப் பார்க்கச் சொல்லிவிடுகிறார். புகார்ப் புத்தகத்தில் 'பழுது இல்லை' என்றும் எழுதவில்லை. 'கேட்டேன்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நம்பர் வீட்டம்மா கேட்கிறார், இதெல்லாம் மனப்பிரமைதானே என்று. இருக்கலாம். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் அதற்கப்புறம் தானாகத் திறந்ததே இல்லை. ஆனால் போன மாதம் நண்பன் வீட்டில் அவருக்குக் கை கொடுத்தேன். நல்ல வெயில் நாள். வலது கை... நான் சட்டென்று விட்டுவிட்டேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "நாலு டாக்டர் பாத்தாச்சு தம்பி. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றார். அந்தக் கையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார், சூடு படட்டும் என்பது போல.

உஷ்... கேட்கிறதா?

கயிறு ஓடுகிறது. மேலே போகிறது. நம் மாடியைத் தாண்டிவிட்டது. இல்லை, உட்காருங்கள், இப்போது நிற்காது. கீழே இத்தனை நேரம் வேலை செய்கிறவர் யார் என்று உங்களில் ஒருத்தர் கூடக் கேட்கவில்லையே. சாயந்திரம் அவருக்குப் போன் போட்டதே நான்தான். இது முதல் தடவை.

இப்போது இறங்குகிறது... மறுபடி ஏறுகிறது. இது இரண்டு. எண்ணிக்கொள்ளுங்கள். அண்ணி, என் கையை விடுங்கள், நகம் பதிகிறது.

மூன்று.

நின்றுவிட்டது. திறக்கிறது... பாருங்கள், அவர் ஒருத்தர்தான். தோளில் பெட்டி. வெளியே வந்துவிட்டார். ஆனால் இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார், வலது கை இன்னும் உள்ளேதான் நீண்டிருக்கிறது. "பாத்து வா" என்கிறார்.

கொஞ்சம் நகருங்கள். வழி விடுங்கள்.